சிறுத்தைக்குக் கட்டிய சேணம்

ஒரு காட்டில் செம்புள்ளி என்றொரு சிறுத்தை இருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று காடும் அவனைப் பொறுத்துக்கொண்டிருந்தது. வேட்டையில் சோடை போனவன் அல்ல. ஆனால் வாயைத் திறந்தால் புலம்பல்தான். முதுகு பிடித்துக்கொண்டது, விலா குத்துகிறது, படுக்கும் கிளை சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கோ ஆடவும் தெரியும், கூடமும் நிஜமாகவே கோணல்.

ஓடையோரத்து மருத மரம் அவனுடையது. அதன் கிளையில் படுத்தால் விளாம்பழம் அளவுக்கு ஒரு முண்டு நேராக விலாவில் ஏறும். போதாததற்கு முசுறு எறும்புகள். அவை கடிக்கும் இடத்தைச் சபையில் சொல்ல முடியாது. செம்புள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். இனி ஒரு நொடி தாங்காது என்கிற நிலை வரும்போது கீழே தண்ணீர் குடிக்க எந்த மான் வந்திருக்கிறதோ அதன்மேல் போய் விழுவான். காடு அதைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன பாய்ச்சல்" என்று மெச்சும். பாதிப் பாய்ச்சல் முசுறுடையது என்பது அவனுக்கும் தெரியாது, பாவம், முசுறுக்கும் தெரியாது.

அந்த வருஷம் அவன் மனைவி மஞ்சாயி இரண்டு குட்டி போட்டாள். சிறுத்தைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குட்டி கண் திறந்த பிறகு வருகிற முதல் பௌர்ணமி நிலா மரத்துக்கு மேலே ஏறுவதற்குள், தகப்பன் தன் வாயால் பிடித்த மானைக் கொண்டுவந்து குட்டிகளின் முன்னால் போட வேண்டும். போட்டால் குட்டிகள் தகப்பன் வீட்டுப் பிள்ளைகள். போடவில்லையென்றால் தாய்மாமன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் அவை மாமன் மலையில் வளர்ந்து மாமன் பெயரைச் சொல்லும். பெற்றவன் வழியில் பார்த்தாலும், "யாரு இந்த ஆளு?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

தாய்மாமன் கடம்பன் குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பே வந்து குகை வாசல் பாறையில் இடம் பிடித்துவிட்டான். "சும்மா தங்கச்சியைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மாப்பிள்ளை" என்றான். பார்த்தான், போகவில்லை. குட்டிகளுக்குத் தன் மலையில் எந்தப் பொந்து தோதாக இருக்கும் என்று அவற்றின் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். செம்புள்ளிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மச்சான் இல்லையா, சிரித்துத் தொலைத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மலையணில் துரைக்கண்ணு வந்து சேர்ந்தான். காட்டில் யாருக்கு எது தேவையில்லையோ அதை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவது அவன் தொழில். தூளி மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். அகலமான பட்டை, உள்ளே பஞ்சு, நான்கு பக்கமும் வார், வாருக்கு வார் கொக்கி, நடுவில் ஒரு முரட்டுக் கயிறு.

"அண்ணே, இதுக்குப் பேரு தொங்கு சேணம். மரத்துல கயிறைச் சுத்தி, இடுப்புல இதை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்கன்னா முண்டாவது முசுறாவது. மனுஷங்க வேட்டைக்கு இதைத்தான் கட்டறாங்க. போன பருவத்துல ஒருத்தன் இதே காட்டுல, இதே சேணத்துல, பருவம் பூரா உக்காந்திருந்தான். ஒரு நாள்கூட இடுப்பு வலின்னு சொல்லலை."

"என்ன பிடிச்சான்?"

"அதை நான் கேக்கலை. ஆனா அவ்வளவு நிம்மதியான மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை. போகும்போது இதை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டான்."

"எவ்வளவு கொடுக்கணும்?"

"சே சே, உங்ககிட்டயா? உங்க நல்லதை நினைக்கிறவங்க கொடுத்துவிட்டது. ஓசிதான்."

ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று. நல்லதை நினைக்கிறவர்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உட்கார்ந்து பார்த்தான். இடுப்பு உள்ளே போய் அமர்ந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு யாரும் செய்யாத மரியாதையை அந்தப் பஞ்சு செய்தது.

"ஒரே ஒரு விஷயம் அண்ணே. இதுல உக்காந்துகிட்டுப் பாயக் கூடாது. பாஞ்சா உத்தரவாதம் செல்லாது."

"வேட்டைக்குன்னு செஞ்ச சேணத்துல பாயக் கூடாதா?"

"தாராளமா பாயுங்க. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வரக் கூடாது, அவ்வளவுதான்."

மஞ்சாயி அதை மேலும் கீழும் பார்த்தாள். "சேணம் குதிரைக்குத்தானே கட்டுவாங்க? நீங்க எப்போ குதிரை ஆனீங்க?" என்றாள். கடம்பன் பாறையிலிருந்து, "இருக்கட்டும் தங்கச்சி, மாப்பிள்ளைக்கு உடம்பு முடியலை போல" என்று பரிந்து பேசினான். அந்தப் பரிவில்தான் செம்புள்ளி சேணத்தை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினான்.

முதல் அந்தியிலேயே அதன் குணம் தெரிந்தது. வெறும் உடம்போடு சிட்டாக ஏறுகிற மரத்தில் அன்று மூட்டை தூக்குகிறவனைப் போல ஏறினான். ஒரு வார் ஒரு சுள்ளியில் மாட்டும், அதை எடுத்தால் இன்னொரு வார் பின்னங்காலில் சுற்றும். கயிற்றைக் கட்டி, கொக்கிகளைப் போட்டு உட்கார்ந்தபோது நாக்குத் தள்ளியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சேணத்தில் உட்கார்ந்தால் முகம் மரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். ஓடை, தண்ணீர், மான், எல்லாம் முதுகுக்குப் பின்னால். கண்ணுக்கு முன்னால் மருதம்பட்டை. பட்டையைத் தின்று பழக்கமிருந்தால் நல்ல இடம்தான்.

சருகு சரசரத்தது. மான்கள் வந்துவிட்டன. செம்புள்ளி காலால் மரத்தை உந்திக்கொண்டு மெல்லத் திரும்பினான். கயிறு கிரீச் என்றது. கொக்கி கொக்கியோடு மோதிக் கிணுங்கென்றது. அவன் பாதி திரும்புவதற்குள் மான்கள் முழுதும் திரும்பி ஓடிவிட்டன.

"அது ஒண்ணுமில்லை அண்ணே, கால் வைக்கப் பலகை இல்லாததுதான் கோளாறு" என்றான் துரைக்கண்ணு. மறுநாள் பலகை வந்தது. அதுவும் ஓசி. அடுத்து முதுகுக்கு ஒரு சாய்மானம், அதற்கடுத்து தலைக்கு ஒரு திண்டு. ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நாளில் செம்புள்ளி, "இன்னிக்குப் பாருங்க" என்று மஞ்சாயியிடம் சொல்லிவிட்டுப் போனான். திண்டு வந்த அன்று தூங்கியே போனான். குறட்டை ஓடைக்கு அக்கரை வரை கேட்டது. மான்கள் முதலில் விறைத்து நின்றன. பிறகு, ஒரு குட்டி வந்து தண்ணீர் குடித்தது. பிறகு எல்லாம் வந்தன.

விழித்துப் பார்த்தபோது மரத்தடியில் மந்தையே மேய்ந்துகொண்டிருந்தது. மந்தைக்குத் தலைவி அல்லியம்மா, காது ஓரம் நரைத்த பெண்மான், நிமிர்ந்து பார்த்து, "எழுந்துட்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?" என்று விசாரித்தாள். மான் சிறுத்தையை நலம் விசாரிப்பதைக் காடு அன்றுதான் முதல்முறை கேட்டது. செம்புள்ளிக்கு மானமே போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சும்மா... காத்தாட உக்காந்திருக்கேன்" என்றான். சொன்ன பிறகு தன் வாலைத் தானே கடித்துத் துண்டாக்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

மந்தையில் ஒரே ஒருவன் மட்டும் தள்ளி நின்றான். அறிவரசு என்ற இளங்கலைமான். கொம்பு முளைத்ததிலிருந்து அவனுக்குக் கருத்தும் முளைத்துக்கொண்டே இருந்தது. "அல்லியம்மா, இது சரியில்லை. தொங்கினாலும் அவன் சிறுத்தைதான். நம்ம குட்டிங்க ஓடவே மறந்துட்டுதுங்க. இந்தச் சேணத்தை அவனுக்கு அனுப்பினதே நீங்கதான்னு கேள்விப்பட்டேன். மந்தையைக் கேட்டீங்களா? நாலு பேருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான்.

மேலே பட்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்த செம்புள்ளியின் காது விறைத்தது. நல்லதை நினைக்கிறவர்கள் யாரென்று ஒருவழியாகத் தெரிந்தது.

அல்லியம்மா கோபப்படவில்லை. "சரிப்பா, பேசிக்கலாம். நீ நல்லாப் பேசற. ஒரு நாள் மந்தை முன்னாடி பேசு" என்றாள். அறிவரசுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றிலிருந்து பொழுதுக்கும் அவன் மரத்தடிக்குப் பக்கத்திலிருந்த கரையான் புற்றின்மேல் ஏறி நின்று பேசிப் பழகினான். கேட்பதற்கு யாரும் இல்லை. செம்புள்ளி கேட்டான், வேறு வழியில்லாமல்.

எதிரி அனுப்பிய இருக்கை என்று தெரிந்த பிறகு மானமுள்ளவன் என்ன செய்வான்? அவிழ்த்து ஓடையில் எறிவான். செம்புள்ளியும் அப்படித்தான் தீர்மானித்தான். ஆனால் அன்றைக்கு முதுகு கொஞ்சம் பிடித்திருந்தது. நாளைக்கு எறியலாம் என்று உட்கார்ந்தான்.

குகையில் மஞ்சாயிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. எலியும் நண்டும் தின்று எத்தனை நாள் ஓட்டுவது? குட்டிகள் வெறும் மடியைச் சப்பிவிட்டு அழுதன. பெரிய குட்டி, மாமன் கொண்டுவந்து போட்ட முயல் காலை மோந்து பார்த்தது. கடம்பன், "வழக்கம்னா வழக்கம். பௌர்ணமி வரைக்கும் நான் ஊட்டக் கூடாது. சும்மா மோந்து பார்க்கட்டும்" என்றான். செம்புள்ளி பெரிய குட்டியின் காதைப் பார்த்தான். பெரியதற்குத் தன்னைப் போலவே இடது காதுக்குக் கீழே மூன்று புள்ளி ஒட்டியிருக்கும். அந்தக் காது கடம்பன் மலையில் எவன் பேச்சையோ கேட்டு வளரப்போகிறது என்று நினைக்கவே முடியவில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. பிற்பகல் கிளம்பும்போது மஞ்சாயி வழியை மறித்தாள்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு மட்டும் அந்தக் கண்றாவியில உக்காராதீங்க. பழையபடி கிளையில படுங்க. முசுறு கடிச்சா கடிக்கட்டும். என் பிள்ளைங்களை எங்கண்ணன்கிட்ட விட்டுடாதீங்க."

"நீ கவலைப்படாதே. இன்னிக்குக் கிளைதான்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மனதாரத்தான் கிளையிலும் போய்ப் படுத்தான். முண்டு விலாவில் ஏறியது. முசுறு வந்து, "எங்கே போயிருந்தே இத்தனை நாளா?" என்பது போல மொத்தமாகக் கவனித்தது. பழைய செம்புள்ளி என்றால் தாங்கியிருப்பான். இவன் பஞ்சில் ஊறிய உடம்பு. எட்டிப் பார்த்தான், சேணம் காற்றில் லேசாக ஆடியது. மான்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரைக்கும் உட்கார்ந்துவிட்டு, சத்தம் கேட்டதும் கிளைக்குத் தாவிவிடலாம் என்று நினைத்தான். நோகாமல் நுங்கு தின்ன நினைத்தவன் எவனும் இதற்குமேல் யோசித்ததில்லை. உட்கார்ந்தான். கொக்கியையும் போட்டுக்கொண்டான், விழுந்துவிட்டால்?

விழித்தபோது கிழக்கே நிலா முகம் காட்டிவிட்டது. கீழே மந்தை. செம்புள்ளிக்குக் குட்டியின் காது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை, கொக்கி உட்பட. திரும்பினான், உந்தினான், பாய்ந்தான்.

உண்மையிலேயே அழகான பாய்ச்சல். பாதி வழி வரை. கயிறு இறுகி, மரப்பட்டையை உரித்துக்கொண்டு சரசரவென்று கீழே இறங்கி, ஒரு கவட்டில் மாட்டி நின்றது. செம்புள்ளி தலைகீழாகத் தொங்கினான். வால் முகத்தில் விழுந்தது. கால் பலகை நெற்றியில் இடித்தது. திண்டு மட்டும் பத்திரமாக மேலேயே இருந்தது.

மான்கள் தெறித்து ஓடின. கொஞ்ச தூரம் போய், துரத்தலையே என்று நின்று திரும்பிப் பார்த்தன. குட்டி மான் ஒன்று களுக்கென்று சிரித்தது. அல்லியம்மா மட்டும் நிதானமாக நடந்து வந்து அவன் முகத்தை, கவிழ்ந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் இப்படி? உக்காந்தே இருந்திருக்கலாமே" என்றாள்.

செம்புள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. தலைகீழாகத் தொங்குகிறவனின் கண்ணீர் நெற்றிக்குத்தான் போகும். "என் பிள்ளைங்க போயிடும். நிலா மேலே வந்துட்டா மச்சான் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றான். வெட்கத்தைவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். வழக்கம், கடம்பன், பால் வற்றியது, காது.

அல்லியம்மா நிலாவைப் பார்த்தாள். தொங்குகிற சிறுத்தையைப் பார்த்தாள். அவன் வாய்க்குக் கீழே, எட்டும் தூரத்தில், கரையான் புற்றின் உச்சி இருந்தது. அதையும் பார்த்தாள்.

"பிள்ளைங்க போயிட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"எனக்கு எதுக்குச் சேணம்? எல்லாத்தையும் அறுத்தெறிஞ்சிட்டு வெறி பிடிச்ச மாதிரி வேட்டையாடுவேன்."

"அதான் எனக்கும் தோணுச்சு" என்று அல்லியம்மா மந்தையின் பக்கம் திரும்பினாள். "அறிவரசு, இங்கே வாப்பா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் இருக்காங்க, வந்து நாலு வார்த்தை பேசு. புத்துமேல ஏறிக்கோ, அப்பத்தான் பின்னால நிக்கறவங்களுக்கும் தெரியும்."

அறிவரசு ஒரு கணம் தயங்கினான். அறிவுள்ளவன்தான். தொங்குகிற வாயைப் பார்த்தான். ஆனால், மந்தை மொத்தமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். இத்தனை நாள் காலிப் புல்வெளியிடம் பேசியவன். ஒரே தாவில் புற்றின்மேல் ஏறி, சிறுத்தைக்கு முதுகைக் காட்டி, கொம்பை நிமிர்த்தினான்.

"குட்டிங்களா, நீங்க அந்தப் பக்கம் போய் மேயுங்க" என்று அல்லியம்மா சின்னதுகளை மெல்ல ஓட்டினாள். செம்புள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது. வயிற்றுக்குள் ஏதோ சில்லென்றது. பசி என்று நினைத்துக்கொண்டான்.

"அன்பான என் மந்தையே" என்று அறிவரசு ஆரம்பித்தான். நல்ல குரல். "நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன். ஆபத்து தொங்கினாலும் ஆபத்துதான். அது நம் கழுத்துக்கு எவ்வளவு அருகில்..."

அதற்குமேல் பேச முடியவில்லை. செம்புள்ளி பாயவில்லை, பதுங்கவில்லை, உடம்பை அசைக்கவும் இல்லை. வாயைத் திறந்து மூடினான், அவ்வளவுதான்.

பிறகு ஒரு கிழட்டு மான், "நல்லாத்தான் பேசினான், என்ன, கொஞ்சம் கிட்டப் போயிட்டான்" என்றது. மற்றவை தலையாட்டிவிட்டு மேயத் தொடங்கின. துரைக்கண்ணு எங்கிருந்தோ இறங்கி வந்து கொக்கியை அவிழ்த்துவிட்டான். "பாஞ்சுட்டீங்களே அண்ணே. உத்தரவாதம் போச்சு. பரவாயில்லை, வேற கொண்டுவரேன்" என்றான்.

அல்லியம்மா போகும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அடுத்த பருவத்துலயும் யாராவது ஒருத்தன் கேள்வி கேப்பான். நீங்க சிரமப்பட வேண்டாம். உக்காந்திருங்க, போதும்."

நிலா மரத்துக்கு மேலே ஏறுவதற்குள் செம்புள்ளி மானை இழுத்துக்கொண்டு குகை வாசலில் போட்டான். மஞ்சாயி அவன் நெற்றியை நக்கிக் கொடுத்தாள். குட்டிகள் மூக்கை நுழைத்தன. பாறையில் கடம்பனின் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு என்று செம்புள்ளிக்குக் கொஞ்ச நேரம் உச்சந்தலை வரைக்கும் இனித்தது.

"அப்பா, நீங்க பாஞ்சீங்களா?" என்றது பெரிய குட்டி.

செம்புள்ளி ஒரு வாய்க் கறியை மென்று விழுங்கினான். "பின்னே?" என்றான்.

கடம்பன் கறியை முகர்ந்தான், காயத்தைப் பார்த்தான். கழுத்தில் ஒரே கடி. புரண்ட அடையாளம் இல்லை, நகக் கீறல் இல்லை. "மாப்பிள்ளை, நெசமா சொல்லுங்க. எப்படிப் பிடிச்சீங்க?"

"உக்காந்தபடியேதான் மச்சான்."

கடம்பன் தன் இடுப்பை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்ச நாளா இங்கே ஒரு பிடிப்பு இருக்கு. அந்தச் சேணம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் துரைக்கண்ணு கடம்பன் மலைக்குப் புறப்பட்டான். ஓடையோரத்தில் தூக்கணாங்குருவிகள் புதுச் சேணங்களைப் பின்னிக்கொண்டிருந்தன. அல்லியம்மா பக்கத்தில் நின்று, பஞ்சு இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கரையான் புற்றின் உச்சியை யாரோ சமப்படுத்தி, நிற்பதற்கு வசதியாக வைத்திருந்தார்கள்.

நீதி: சொகுசாக உட்கார்ந்தவனால் வேட்டையாட முடியாது, அவனுக்கு வேட்டை தேவையும் இல்லை. எதிர்த்துப் பேசுகிறவனுக்கு எங்கே மேடை போட வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.